ஆற்றங்கரை நாகரிகம்

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, பேரப்பிள்ளைகளின் சத்தத்துக்குப் பயந்து பின்னறையில் ஒதுங்கியிருக்கிற என் வயதுக்காரிகளே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். கொஞ்சம் இப்படித் திரும்பி உட்காருங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு சொல்லால் ஒருத்தியின் படிப்பு நின்றுபோகுமா என்று கேட்கிறார்கள். நின்றதே! எனக்கு நின்றது. ஏழாம் வகுப்பில், கராம்பு காயும் பருவத்தில், 'நாகரிகம்' என்கிற ஒரே சொல்லால் நின்றது.

நாகரிகம் என்றால் அப்போது நம் வீடுகளில் என்ன அர்த்தம்? குதி உயர்ந்த சப்பாத்து, கை இல்லாத சட்டை, கழுத்தோடு வெட்டிய தலைமயிர். 'அவ பெரிய நாகரிகக்காரி' என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம். புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்பது உக்குவளையில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே அந்த வருடம்தான் தெரிந்தது.

சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த வருடம் பிறந்தவள் நான். எங்கள் வீடு வாப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து மிளகு, கொக்கோ, சாதிக்காய், கராம்பு என்று கொண்டுவருவார்கள். வாப்பா வாங்கி, காயவைத்து, சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றிவிடுவார். வருடத் தொடக்கத்தில் கராம்பு வந்து குவியும். முற்றம் முழுவதும் பாய், பாய் முழுவதும் மொட்டு. தலையணை, தண்ணீர்க் குடம், உம்மாவின் தொழுகைப் பாய், எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறிவிடும். பச்சை மொட்டைக் காம்பிலிருந்து கிள்ளிப் பிரிப்பது பெண்களின் வேலை. உம்மா, பக்கத்து வீட்டு மாமி, தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைக்காத நாட்களில் மலையிலிருந்து இறங்கி வருகிற ஒரு அக்கா, மூன்று பேரும் பின்விறாந்தையில் உட்கார்ந்து கிள்ளுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் போய் உட்காருவேன். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும். எந்தச் சோற்றைப் பிசைந்தாலும் வாயில் கராம்புதான்.

அந்த ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு சரித்திர டீச்சர் வந்தார். மாத்தளை டவுனிலிருந்து காலை ரயிலில் வருவார். கையில் கறுப்புக் குடை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற மாதிரிப் பெரிய மணிக்கூடு. எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, பலகைத் தட்டி மட்டும். ஆறாம் வகுப்பின் வாய்ப்பாடும் எட்டாம் வகுப்பின் சிங்களப் பாடமும் ஒன்றாகக் காதில் விழும். இந்த டீச்சர் பேசத் தொடங்கினால் மட்டும் இரண்டு பக்கமும் சத்தம் அடங்கிவிடும். எங்கள் பாடத்தை அவர்களும் கேட்டார்கள்.

முதல் நாளே புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். "இன்னைக்கு ஒருநாள் உலகத்துல நெருப்பே இல்லைன்னு வைங்க. என்ன நடக்கும்?"

"தேத்தண்ணி இல்ல, டீச்சர்."

"சோறு இல்ல, டீச்சர்."

"அப்ப எல்லாருக்கும் நோம்பு, டீச்சர்" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சரித்திரப் பாடத்தில் ஒருவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் ராஜாக்களின் பெயர்களை வரிசையாகப் பாடமாக்குவதுதான் சரித்திரம். இவரோ ராஜா வருவதற்கு எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வேட்டையாடித் திரிந்த மனிதர்கள் ஏன் ஓரிடத்தில் தங்கினார்கள், தங்கியதால் பானை எப்படி வந்தது, பானை வந்ததால் நாளைக்கு என்று மிச்சம் வைப்பது எப்படி வந்தது, மிச்சம் வந்த பிறகு ஒருவன் பானை செய்ய, ஒருவன் துணி நெய்ய, ஒருவன் காவல் காக்க என்று வேலை எப்படிப் பிரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எங்கள் வீட்டில் நடப்பதைத்தான் இவர் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் சொன்னார்: "வர்ற கிழமை ஆற்றங்கரை நாகரிகங்கள் தொடங்குறோம். நைல் நதி தூரத்துல இருக்கு. நம்ம சுதுகங்கை பக்கத்துல இருக்கு. எல்லாரும் நடந்து போவோம். ஊருன்னு ஒண்ணு ஏன் தண்ணி ஓரமா உண்டாகுதுன்னு அங்க உக்காந்து பாப்போம்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடினேன். பின்வழியாகப் போக வேண்டியவள், கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டேன்.

"வாப்பா! வர்ற கிழமை டீச்சர் எங்கள ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறாங்க! நாகரிகம் படிச்சுத் தரப் போறாங்க!"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பாவின் கை சாக்குக் கயிற்றில் அப்படியே நின்றது. தீப்பெட்டி வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு மாமி தீப்பெட்டியை மறந்துவிட்டுப் போனார். மாமியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தர் இருப்பார். மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலில் ஆட்கள் கூடுவதற்குள் செய்தி இப்படி ஆகியிருந்தது: "புதுசா வந்த டீச்சர் கொமருப் புள்ளைகள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போய் நாகரிகம் பழக்குறாவாம்."

வாப்பா தொழுதுவிட்டு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"நாளையிலிருந்து நீ பள்ளிக்கூடம் போக வேணாம்."

"ஏன் வாப்பா?"

"ஆத்தங்கரையில நாகரிகமா? நம்ம குடும்பத்துல எவளாச்சும் ஆத்தங்கரையில நாகரிகம் படிச்சு ஈக்கிறாளா?"

"அது அந்த நாகரிகம் இல்ல வாப்பா. புத்தகத்துல ஈக்கிற நாகரிகம் வேற."

"எத்தன நாகரிகம்தான் ஈக்குது?"

புத்தகத்தைக் காட்டினால் விளங்கிவிடும் என்று நம்பினேன். ஓடிப்போய் எடுத்து வந்தேன். புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்து, வாப்பாவுக்குத் தெரிந்த ஊராகப் பார்த்து எகிப்துப் பக்கத்தைத் திறந்து, புத்தகத்தில் பாரோ மன்னன் என்றிருந்ததை ஓதப் போன இடத்தில் கேட்ட பெயராலேயே சொன்னேன். "இது மிஸ்ரு தேசம் வாப்பா. இவர்தான் ராஜா, பிர்அவ்ன். இவங்கட நாகரிகத்தத்தான் நாங்க படிக்கப் போறோம்."

"யாரு?"

"பிர்அவ்ன்."

வாப்பாவின் முகம் போன போக்கை இப்போதும் என்னால் சொல்ல முடியாது. "மூசா நபியக் கொல்லத் தேடினவன்! கடல்ல முங்கிச் செத்தவன்! அவனயா ஒங்களுக்கு நாகரிகக்காரன்னு படிச்சுக் குடுக்குறாங்க?"

அடுத்த பக்கத்தில் இடுப்புத் துணியோடு கல் இழுக்கும் மனிதர்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் சிலைகள். நான் பக்கத்தைப் புரட்டப் புரட்ட என் வழக்கு மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் புத்தகம் அலுமாரியின் மேல், என் கை எட்டாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அழுதேன். ஒரு இரவு முழுவதும் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் அழுகை தீர்ந்துவிட்டது, பிடிவாதம்தான் மிச்சம். பள்ளிக்கூட நேரத்துக்கு எழுந்து முகம் கழுவி, வெள்ளைச் சட்டையைப் போட்டு, இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு வந்து, பின்விறாந்தையில் கராம்புக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

வாப்பா பார்த்தார். "இதென்ன, இதப் போட்டுட்டு ஈக்கிற?"

"பள்ளிக்கூட நேரம் வாப்பா."

"நீதான் போகலயே."

"போகல்ல. நேரம் பள்ளிக்கூட நேரம்தானே."

வாப்பா கடைக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படியே உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது சட்டையோடு இருப்பேன், பள்ளிக்கூடம் விட்டதும் கழற்றுவேன். வெள்ளைச் சட்டையின் கையில் பச்சைக் கராம்பின் கறை ஏறியது, எந்தச் சவுக்காரத்துக்கும் போகவில்லை. "புள்ளைக்கு என்னமோ புடிச்சிட்டு, தண்ணி ஓதிக் குடுங்க" என்றார் மாமி. உம்மா அந்தச் சட்டையைத் தினமும் துவைத்துக் காயப்போட்டார்.

பிறகு ஒருநாள் டீச்சரே வந்தார், குடையோடு, ரயிலுக்கு முன்னால் கிடைத்த கொஞ்ச நேரத்தில். வாப்பா கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார். உம்மாவும் நானும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம்.

"நாகரிகம்னா மனுசங்க கூடி வாழக் கத்துக்கிட்ட கதைங்க. உடுப்பு, மோஸ்தர் அதெல்லாம் இல்லைங்க" என்றார் டீச்சர். "உங்க பொண்ணு நல்லாக் கேள்வி கேக்குற பொண்ணு. நிப்பாட்டிடாதீங்க."

"எல்லாம் சரி டீச்சர். கராம்பு முடியட்டும். பொறகு பாப்போம்."

இந்தப் 'பொறகு பாப்போம்' எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். உம்மாவின் தங்கைகள், என் சாச்சிமார் இரண்டு பேரும் ஒரு 'பொறகு பாப்போ'மில் வீட்டோடு நின்றவர்கள்தான். இப்போது யோசித்தால், டீச்சர் சொன்னது வாப்பாவுக்கு அன்றைக்கே விளங்கியிருக்கிறது. அவர் முட்டாள் இல்லை. ஆனால் பள்ளிவாசலில் நாலு பேருக்கு முன்னால் 'நிப்பாட்டிட்டேன்' என்று சொல்லியாகிவிட்டது. திருப்பி எடுக்க வெட்கம். பன்னிரண்டு வயதுப் பெண் வீட்டில் இருந்தால் ஊர் வாய் மூடும் என்ற நிம்மதி வேறு. அவரை ஊர் பயமுறுத்தியது, அவர் என்னை நிறுத்தினார். இதையெல்லாம் விளங்கிக்கொண்ட பிறகும் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன்.

டீச்சர் போன பிறகு உம்மா கேட்டார்: "அவ அப்படி என்னதான் படிச்சுக் குடுத்தா?"

"எழுதித் தாரேன் உம்மா. நீங்களே வாசிச்சுப் பாருங்க" என்றேன்.

மாமி சிரித்தார். உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கடைப் பலகையில் இருந்த வாப்பாவின் பெயரைக்கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் தமிழையே அரபு எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. நம் பெண்களுக்கு அப்போது அதுதானே படிப்பு. ஓதப் போன இடத்தில் கற்ற எழுத்து, அரபியில் இல்லாத நம் ஓசைகளுக்குப் புள்ளி கூட்டிப் போட்டுக்கொண்ட எழுத்து. அந்த எழுத்தில் இருந்த தமிழ் மாலைப் பாட்டுகளை உம்மா மனப்பாடமாகவே பாடுவார். எனக்கும் அவர்தான் அதைச் சொல்லித் தந்திருந்தார்.

புத்தகம் அலுமாரியின் மேல் இருந்தால் என்ன? பாடம் என் தலைக்குள் இருந்தது. கடையில் சீனி சுற்றுகிற பழுப்புத் தாளை எடுத்து, பென்சிலால், வலமிருந்து இடமாக எழுதினேன். குகையில் தொடங்கி எழுதினேன். நெருப்பு, வேட்டை, பானை, பயிர், களஞ்சியம். 'நாகரிகம்' என்ற சொல்லை மட்டும் அழித்து அழித்து எழுதினேன்.

மறுநாள் பின்விறாந்தையில், கராம்புக் குவியலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு உம்மா தாளைக் கையில் எடுத்தார். அந்த எழுத்தில் அவர் அதுவரை வாசித்ததெல்லாம் பாட்டுத்தான். அதனால் இதையும் ராகத்தோடுதான் தொடங்கினார். 'ஆதி மனிதர் குகையில் வாழ்ந்தார்' என்று இழுத்துப் பாடினார் பாருங்கள், மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அக்காவும் சிரித்தார். உம்மா நிறுத்தவில்லை. நெருப்பு வந்தது. வேட்டை வந்தது.

"ஆத்தங்கரை எப்ப வருது?" என்றார் மாமி.

"இன்னும் வரல்ல மாமி."

'அலைந்து திரிந்த நாடோடிகள் ஓரிடத்தில் நிலைத்துக் குடியிருந்தார்கள்' என்ற இடம் வந்ததும் அக்காவின் கை நின்றது. "எங்க அப்பா பொறந்தது இந்த மலையில. நான் பொறந்ததும் இங்கதான். குடியிருந்துட்டுத்தானே இருக்கோம், பாப்பா? ஆனா சட்டம் போட்டு, இந்த நாட்டு ஆளுங்க இல்லைன்னு சொல்லிட்டாங்களே. இன்னும் எத்தன காலம் இருந்தா குடியிருந்ததுன்னு ஒத்துக்குவாங்களாம்? டீச்சரம்மா அதச் சொன்னாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. உம்மாவின் வாசிப்பில் ராகம் எப்போது போனது என்று தெரியவில்லை. இப்போது பேசுகிற குரலில், ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"ஆண்கள் வேட்டைக்குப் போன வேளையில், முதன்முதலில் விதையை மண்ணில் இட்டு முளைக்கவைத்தவர்கள் பெண்களாக இருக்கலாம்..." உம்மா தலையைத் தூக்கினார். "பொம்பளைகளா?"

"ஓம் உம்மா. டீச்சர் சொன்னாங்க."

"விதைச்சது பொம்பளைகளா?"

"இருக்கலாம்னு சொன்னாங்க."

உம்மா மீதியை வாசித்தார். விதைத்தது விளைந்தது, விளைந்தது மிஞ்சியது, மிஞ்சியதைச் சேர்த்து வைக்கக் களஞ்சியம் கட்டினார்கள். கடைசி வரி, நான் கடைசியாக இருந்த பாடத்தை டீச்சர் முடிக்கும்போது கேட்ட கேள்வி: 'அந்தக் களஞ்சியத்தின் திறப்பு யார் கைக்குப் போனது?' அந்தக் காலத்தில் பூட்டு ஏது, திறப்பு ஏது என்று கேட்காதீர்கள், டீச்சர் பேசுகிற விதம் அது.

உம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"யார்ட கைக்குப் போச்சி?"

"தெரியாது உம்மா."

"என்ன தெரியாது?"

"பொறகு சொல்றேன்னு டீச்சர் சொன்னாங்க. அத்தோட என்ன நிப்பாட்டிட்டாங்களே."

"ராஜாட கைக்குப் போயிருக்கும்" என்றார் மாமி.

"கங்காணி கைக்குத்தான் போயிருக்கும்" என்றார் அக்கா.

"நீங்க சும்மா ஈங்க. தெரிஞ்சவங்கள்ட கேக்கணும்" என்றார் உம்மா. அன்று மாலை வரை கராம்பு கிள்ளும்போது காம்புகளை வழக்கத்தைவிட வேகமாக எறிந்தார்.

மறுநாள் காலையில் நான் வழக்கம்போல் வெள்ளைச் சட்டையோடு விறாந்தைக்கு வந்தேன். என் இடத்தில் பாய் விரித்திருக்கவில்லை. உம்மா என் புத்தகப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அலுமாரியின் மேல் இருந்த சரித்திரப் புத்தகமும் அதற்குள் இருந்தது.

"போ" என்றார்.

கடைக்குள் நுழையாமல் வெளியே போக வேறு வழி இருந்தது. உம்மா என்னைக் கடை வழியாகவே அனுப்பினார், தானும் திரைச்சீலை வரைக்கும் வந்தார். வாப்பா தலையைத் தூக்கினார்.

"எங்க போற? யார் போகச் சொன்ன?"

பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "நான்தான்."

கடையில் ஆள் இருந்தது. ஆள் இருக்கும்போது உம்மாவின் குரல் கடைக்குள் கேட்டதே இல்லை. வாப்பா திரைச்சீலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கறை படிந்த சட்டைக் கையைப் பார்த்தார்.

"கராம்பு?" என்றார், மெதுவாக.

"கராம்ப நாங்க பாக்குறோம். எனக்கு மிச்சம் தெரியணும்."

"மிச்சமா? என்ன மிச்சம்?"

"அது புள்ள வந்து செல்லித் தரும்."

வாப்பா சாக்கைக் கட்டக் குனிந்துகொண்டார். நான் வாசலைத் தாண்டினேன். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

பள்ளிக்கூடத்தில் பாடம் எங்கேயோ போயிருந்தது. கரும்பலகையில் டீச்சர் களிமண் பலகையும் ஆப்பு மாதிரி எழுத்தும் வரைந்திருந்தார். ஆற்றங்கரைக்கு யாரும் போகவில்லை, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து தலைமையாசிரியர் தடுத்துவிட்டாராம். என்னால் ஒரு வகுப்பே ஆற்றைப் பார்க்காமல் போனது. ஆனால் நான் வந்த வேலை வேறு. எழுந்து நின்றேன்.

"டீச்சர், களஞ்சியத்துத் திறப்பு யார் கைக்குப் போச்சி?"

"அது முடிஞ்ச பாடம்மா. பக்கத்துல இருக்கிறவகிட்ட கேட்டு எழுதிக்க."

"எங்க உம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க, டீச்சர்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பலகைத் தட்டிக்கு அப்பாலும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "உங்க உம்மாவா கேட்டாங்க?" என்றார். பிறகு கரும்பலகையை அழித்துவிட்டு அந்தப் பாடத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை நடத்தினார். நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

மாலையில் உம்மா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமியும் அக்காவும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். சட்டை மாற்றவிடவில்லை, தண்ணீர் குடிக்கவிடவில்லை.

"செல்லு. யார்ட கைக்குப் போச்சி?"

"விளைஞ்சத களவெடுக்க வெளியிலருந்து ஆக்கள் வந்தாங்களாம், உம்மா. அதுக்குக் காவல் வச்சாங்களாம். காவல் ஈந்தவங்கள்ட கைல திறப்பக் குடுத்தாங்களாம். அவங்கள்ல பெரியவன் ராஜா ஆகிட்டானாம். பொறகு அந்தத் திறப்பு விதைச்சவங்கள்ட கைக்குத் திரும்பி வரவே இல்லையாம்."

உம்மா முந்தானையில் ஒட்டியிருந்த கராம்புக் காம்பை எடுத்து எறிந்தார்.

"திருப்பிக் கேட்டிருக்க மாட்டாளுங்க" என்றார்.

பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு என்ன பாடம்?" என்று கேட்டார்.